போஸ்டரின் அடியில் ஒரு வரி

முத்துமீனாவின் முகம் எந்தப் படத்திலும் கிடையாது. ஊரார் முகத்தையெல்லாம் வெட்டி ஒட்டுவதுதான் அவள் பிழைப்பு என்பதால் இது கொஞ்சம் வேடிக்கையாகத் தெரியலாம். நாகமலை புதுக்கோட்டையில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, பாண்டீஸ்வரி நடத்தும் பிளக்ஸ் கடையில் அவள் டிசைனர். காதுகுத்துக்கு ஐம்பது முகம், சடங்குக்கு நூறு முகம், கட்சிக்காரர் பிறந்தநாள் என்றால் கணக்கே இல்லை. தாய்மாமன் படம் சின்னதாகிவிட்டது என்று சண்டைக்கு வருவார்கள். பெரியப்பா தலையில் முடி வைத்துத் தரச் சொல்வார்கள். சிரிக்காமல் எல்லாவற்றையும் செய்து, அடியில் கடைப் பெயரையும் ஊரையும் செல் நம்பரையும் பொடி எழுத்தில் போட்டு மெஷினுக்கு அனுப்புவாள்.

கடையில் அவள் பெயர் வெறும் மீனா. கல்லாவுக்கு மேல் இருந்த கேமரா எந்த மூலையைப் பார்க்காதோ, அந்த மூலையைக் கேட்டு வாங்கி உட்கார்ந்துகொண்டாள். கண் கூசுகிறது என்று காரணம் சொன்னாள். மளிகைக் கடையில் நம்பர் கேட்டால் நம்பர் இல்லை என்பாள். பார்சல் எதுவும் அவள் பெயருக்கு வராது. யாராவது செல்பி எடுக்கக் கையை நீட்டினால் செருப்பு வாரைச் சரி செய்யக் குனிந்துவிடுவாள். மூன்று வருஷத்தில் அந்தக் குனிதல் அவ்வளவு பழகிப்போய்விட்டது.

ஏழு வருஷத்துக்கு முன்னால் அவளைப் பரமக்குடியில் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளை ஜெயபாண்டிக்கு செல்போன் சர்வீஸ் கடை. கல்யாணமான வாரத்தில் அவனே ஒரு புதுப் போன் வாங்கிக் கொடுத்தான். எட்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது, அந்தப் போன் அவளிடம் இருந்ததைவிட அவனிடம்தான் அதிகம் இருந்தது என்று. யாரிடம் என்ன பேசினாள், பஸ் ஸ்டாப்பில் எத்தனை நிமிஷம் நின்றாள், அண்ணனுக்கு என்ன எழுதி எதை அழித்தாள், எல்லாம் சாயங்காலம் சோறு போடும்போது அவன் வாயிலிருந்து வரும். கேள்வியாக வராது, சாதாரணப் பேச்சாக வரும். அடி பிறகுதான் வந்தது. இடது மணிக்கட்டு ஒருமுறை முறிந்து கூடியது. மழை நாளில் இன்னும் வலிக்கும்.

அவள் வெளியேறிய பிறகு இரண்டு தடவை கண்டுபிடித்தான். முதல் தடவை திருமங்கலத்தில், பழைய நம்பரைக் கொடுத்து வரவழைத்த ஒரு பார்சலால். ஸ்டேஷனில் புகார் எழுதிக் கொடுத்தாள். சமாதானம் பேச அவனையும் கூப்பிட்டு உட்கார வைத்து, அவள் விலாசத்தை அவன் எதிரிலேயே வாசித்தார்கள். இரண்டாவது தடவை மதுரையில், பெண்கள் விடுதியில். கூட இருந்தவளின் பிறந்தநாளுக்கு எடுத்த படம் ஒன்று ஸ்டேட்டஸில் ஏறியது. பின்னால் இருந்த ஓட்டல் பலகை அவனுக்குப் போதுமானதாக இருந்தது. பூப் பொட்டலத்தோடு வந்தான். புருஷன்தானே என்று உள்ளே விட்டார்கள். அன்று அவன் அடிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, தோளில் கை போட்டு, "மூணாவது தடவை தேட வச்சிராத" என்று மட்டும் சொன்னான்.

அவன் அந்தப் பக்கம் போனதும் அவள் விடுதியை விட்டுக் கிளம்பிவிட்டாள்.

அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டாள். கொட்டாம்பட்டிக்குப் பக்கத்துக் கிராமத்தில் அப்பா சின்னச்சாமியும் அண்ணன் சிவக்குமாரும் இருந்தார்கள். அவர்கள் இரண்டு பேரிடம் மட்டுமே அவள் புது நம்பர் இருந்தது. அப்பாவிடம் பட்டன் போன். நம்பரை அதில் பதியாதீர்கள், யாராவது வாங்கிப் பார்த்துவிடுவார்கள் என்று அவள் சொன்னபோது அவர் ஒரு வாரம் எடுத்துக்கொண்டு பத்து எண்ணையும் மனப்பாடம் செய்தார். கூப்பிட்ட பிறகு போனிலிருந்து அழித்துவிடவும் பழகினார். "மண்டைக்குள்ள பதிஞ்சு வச்சிருக்கேன் தாயி. இதை எவன் திறப்பான்?" என்றார். மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு தினமும் மத்தியானம் கூப்பிடுவார். எடுத்ததும் முதலில் நம்பரை ஒப்பிப்பார். ஆறு எண் ஒரே மூச்சில் வரும். கடைசி நாலுக்கு முன்னால் கொஞ்சம் நிற்பார். அவள் சொல்லிக் கொடுக்காமல் காத்திருப்பாள்.

மாசி மாதம் ஒரு காலையில் ஆறு மணிக்கு அண்ணன் கூப்பிட்டான். அப்பா தொழுவத்திலேயே விழுந்து கிடந்தாராம். ஆஸ்பத்திரிக்குத் தூக்க ஆட்டோ வரும்போதே முடிந்துவிட்டது.

அவள் அழ ஆரம்பிப்பதற்கு முன்பே பயந்துவிட்டாள். பிற்பாடு அதை நினைத்து அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் அதுதான் நடந்தது. எப்போது எடுக்கிறீர்கள் என்றுதான் முதலில் கேட்டாள்.

"ஒரு மணிக்குள்ள எடுத்துருவோம். வெயில் தாங்காது" என்றான் சிவக்குமார். "வரவேணாம்னு சொல்ல எனக்கு வாய் வரல மீனா. வான்னும் சொல்ல முடியல."

அவன் சொல்லாமல் விட்டது இரண்டு பேருக்கும் தெரியும். அந்தப் பக்கத்தில் ஒரு சாவு என்றால் மாலை வருவதற்குள் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் வந்துவிடும். பஸ் ஸ்டாண்டில், டீக்கடைச் சுவரில், கரண்டுக் கம்பத்தில் ஒட்டுவார்கள். அதற்கு முன்பே எல்லார் ஸ்டேட்டஸிலும் ஏறிவிடும். இன்னார் இறந்தார், இன்ன இடம், இன்ன மணிக்குத் தகனம், மகன் இன்னார், மகள் இன்னார். ஜெயபாண்டி மூன்று வருஷமாகத் தேடிக்கொண்டிருந்த விவரம் அதில் முழுசாக இருக்கும்: முத்துமீனா இன்றைக்கு, இந்த மணிக்கு, இந்த வீட்டில் இருப்பாள். பரமக்குடியிலிருந்து இரண்டரை மணி நேரம். அவன் மருமகன். கோடித்துணியோடும் மாலையோடும் வரும் மருமகனை வாசலில் மறிக்க எந்த ஊரிலும் வழக்கம் இல்லை.

போஸ்டர் டிசைனை மேலூர்க் கடையில் கொடுக்க வேண்டாம், தானே செய்து அனுப்புவதாகச் சொன்னாள். கடைச் சாவி ஒன்று அவளிடம் இருந்தது. ஷட்டரைப் பாதி தூக்கி உள்ளே போய் கம்ப்யூட்டரைப் போட்டாள். அண்ணன் அனுப்பிய படத்தில் அப்பா ரேஷன் கடை வரிசையில் நின்று கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தார். பின்னால் நின்ற தலைகளை வெட்டி எடுத்தாள். சட்டைக் காலரை நிமிர்த்திவிட்டாள். வேறு யாருக்கோ செய்வதைப் போல வேகமாகச் செய்தாள். நிறுத்தினால் முடியாது என்று தெரியும்.

பெயர் வரிசைக்கு வந்தபோது கை நின்றது. மகள் பெயரைப் போட்டால் பக்கத்தில் மருமகன் பெயரைப் போட வேண்டும். மகன் பெயர் இருந்து மகள் பெயர் இல்லாவிட்டால், ஓடிப்போனவள் அல்லது செத்துப்போனவள் என்று அர்த்தம். கடைசியில் யார் பெயரும் இல்லாமல் ‘மகன், மகள் மற்றும் உறவினர்கள்’ என்று அடித்தாள். பிறகு நேரம். ‘இன்று மாலை 5 மணியளவில்’ என்று அடித்துவிட்டு, இரண்டு தடவை படித்துப் பார்த்து அனுப்பினாள்.

உடனே போன் வந்தது. மணி தப்பாக விழுந்திருக்கிறது என்றான் சிவக்குமார்.

"தப்பில்லண்ணே."

"ஊருக்குள்ள மட்டும் நெசமான மணிய வாயால சொல்லிக்கிறேன்" என்றான்.

பத்தே நிமிஷத்தில் அப்பா முப்பது பேரின் ஸ்டேட்டஸில் இருந்தார். மேலூர்க் கடைக்காரர் அவள் அனுப்பிய கோப்பை அப்படியே மெஷினில் விட்டு நூறு போஸ்டர் அடித்துக் கொடுத்துவிட்டார்.

அவள் வாடகைக் காரில் பத்தரைக்குப் போய்ச் சேர்ந்தாள். தெருமுனையிலேயே இறங்கி, முந்தானையை முக்காடாகப் போட்டுக்கொண்டு பின்வாசல் வழியாக நுழைந்தாள். அப்பாவின் அக்கா ஒச்சம்மாள்தான் முதலில் பார்த்தாள். கட்டிப் பிடித்து அழுதாள். அழுதுகொண்டே ஆரம்பித்தாள்.

"பெத்த அப்பன் போஸ்டர்ல மக பேரில்ல. மருமகன் பேரை அடிச்சிருந்தா உன் விரலு தேஞ்சா போயிருக்கும்? ஊரு கேக்குதுல்ல?"

முத்துமீனா போன்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பந்தலில் இருந்த ஒவ்வொருவர் கையிலும் ஒன்று இருந்தது. ஒருவர் சிங்கப்பூரில் இருக்கும் மகனுக்கு வீடியோ காலில் அப்பாவின் முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். ஒரு பெண் மாலைகளைப் படம் எடுத்தாள். ஆள்கள் அவளுக்குப் பயமில்லை. எல்லாம் பார்த்து வளர்ந்த முகங்கள். அந்தக் கைகள் எந்தப் பக்கம் திரும்பும் என்பதுதான் பயம். அப்பாவின் மார்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அங்கேதான் கேமரா எட்டாது. எம்புட்டுப் பாசம் பாரு, நிமிர மாட்டேங்குது என்று யாரோ சொன்னார்கள். அவர் சட்டையில் தொழுவ வாசனை இன்னும் இருந்தது. அவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தது எல்லாமாகச் சேர்த்து ஒரு நிமிஷம் இருக்கும்.

பன்னிரண்டரைக்கு அண்ணன் தோளைத் தொட்டான். குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்துவர, நீர்மாலைக்குக் கிளம்பப் போகிறார்கள் என்றான். அவள் பின்வாசல் வழியாகவே வெளியே வந்தாள். கொட்டுச் சத்தம் தெருமுனை வரை கூடவே வந்தது.

மேலூர் பஸ் ஸ்டாண்டு முன்னால் நெரிசலில் கார் நின்றது. சுவரில் அப்பா வரிசையாக நாலு தடவை ஒட்டப்பட்டிருந்தார். அந்தச் சுவருக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் வீரணன் உட்கார்ந்திருந்தார். குவாரியில் அப்பாவோடு இருபது வருஷம் கல்லுடைத்தவர். ஒருமுறை பாறை சரிந்தபோது அப்பாவின் காலைப் பிடித்து இழுத்து வெளியே போட்டவர். மடியில் செய்தித்தாளில் சுற்றிய ரோஜா மாலை. எழுந்து போய், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, போஸ்டரில் மணியைப் பார்த்தார். பஸ் ஸ்டாண்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். நேரம் இருக்கிறது என்று திரும்பி வந்து உட்கார்ந்து இன்னொரு டீ சொன்னார்.

அவள் கை கார் கண்ணாடிப் பொத்தானுக்குப் போயிற்று. கண்ணாடியை இறக்கி ஒரு வார்த்தை, மாமா உடனே போங்க, அவ்வளவுதான். அவர் கத்தி அழுவார். பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கும்.

"இறங்கணுமாம்மா?" என்றார் டிரைவர்.

வேண்டாம் என்றாள். கார் நகர்ந்தது. பின்கண்ணாடியில் அவர் டீயை ஆற்றிக்கொண்டிருந்தது கொஞ்ச தூரம் தெரிந்தது.

மறுநாள் காலை கடை திறக்கும்போது அண்ணன் பேசினான். ஜெயபாண்டி வந்தானாம், நாலே முக்காலுக்கு, பத்துப் பன்னிரண்டு ஆட்களோடு. கத்துவான் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். கத்தவில்லை. ஒரு மணிக்கே எடுத்துவிட்டீர்களா என்று மட்டும் கேட்டானாம். "அப்புறம் சுவத்துல இருந்த போஸ்டரையே ரொம்ப நேரம் பார்த்தாரு. செல்லுல படம் எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு. சண்டை போட்டிருந்தாக்கூட எனக்கு இம்புட்டுப் பயம் இருந்திருக்காது மீனா." வீரணனைப் பற்றியும் சொன்னான். சுடுகாட்டில் சாம்பலுக்குப் பக்கத்தில் மாலையை வைத்துவிட்டு இருட்டும் வரை உட்கார்ந்திருந்தாராம். யாரையும் எதுவும் கேட்கவில்லையாம்.

அவள் கம்ப்யூட்டரில் போஸ்டர் கோப்பைத் திறந்தாள். அப்பா படம், பிறப்பு, இறப்பு, ஊர், மணி. எதிலும் அவளைக் காட்டிக்கொடுக்க ஒன்றுமில்லை. மறுபடி மேலிருந்து கீழே வந்தாள். கறுப்புப் பட்டைக்கு அடியில், வெள்ளையில், எறும்பு வரிசை போல ஒரு வரி இருந்தது. கடைப் பெயர், நாகமலை புதுக்கோட்டை, செல் நம்பர்.

அவள் கை தானாகவே போட்டிருந்தது. மூன்று வருஷமாக ஒரு நாளைக்குப் பத்துத் தடவை போட்ட வரி. கண்ணுக்குத் தெரியாமலே போய்விட்ட வரி. கொட்டாம்பட்டிப் பக்கத்துச் சாவுக்கு, மேலூரைத் தாண்டி, மதுரையையும் தாண்டி, அறுபது கிலோமீட்டர் தள்ளி யார் போஸ்டர் செய்வார்கள்? சாதாரண ஆள் அதைப் பார்க்கவே மாட்டான். ஜெயபாண்டி பார்ப்பான். அவன் எப்போதும் அடியில் இருப்பதைத்தான் முதலில் பார்ப்பான்.

சிவக்குமார் ஊரில் இருந்த போஸ்டரையெல்லாம் கிழித்தான். ஸ்டேட்டஸ்கள் ஒரு நாளில் தாமாகவே மறைந்தன. ஜெயபாண்டியின் செல்லில் இருக்கும் படத்தைக் கிழிக்க யாராலும் முடியாது.

அன்றே கிளம்பியிருக்க வேண்டும். எங்கே போவது என்று தெரியவில்லை. ஒருவேளை கவனித்திருக்க மாட்டான் என்று ஒரு மணி நேரம் நம்புவாள். அடுத்த மணி நேரம் தெருவில் பைக் நிற்கும் சத்தம் ஒவ்வொன்றையும் எண்ணுவாள். பாண்டீஸ்வரியிடம் அப்பா இறந்ததை மட்டும் சொல்லியிருந்தாள். துக்கத்தில் இருக்கிறாள் என்று அவளும் வேலையைக் குறைத்துக் கொடுத்தாள்.

மூன்றாம் நாள் பதினொரு மணிக்குக் கடைப் போன் அடித்தது. பாண்டீஸ்வரி பிளக்ஸுக்கு ஓரம் மடித்து ஒட்டிக்கொண்டிருந்தாள். கையில் பசை இருந்ததால் வழக்கம்போல ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, கொட்டாம்பட்டி பக்கம் ஒரு கண்ணீர் அஞ்சலி பார்த்தேன். உங்க கடை வேலைதானே? ரொம்ப நல்லா இருந்துச்சு. அதே டிசைனர்கிட்ட ஒரு வேலை குடுக்கணும்."

குரலைக் கேட்டதும் முத்துமீனா நாற்காலியிலிருந்து இறங்கி மேஜைக்கு அடியில் போய்விட்டாள். இறங்கியது அவளுக்கே தெரியாது. பாண்டீஸ்வரி, நம்ம பொண்ணுதாங்க என்று பெருமையாகச் சொல்ல வாயெடுத்துத் திரும்பினாள். முழங்காலைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே பேசினாள்.

"டிசைன் எல்லாம் வெளிய குடுத்து வாங்குறதுங்க. மெயில்ல வரும். ஆள் ஆணா பொண்ணான்னுகூட எனக்குத் தெரியாது."

"அப்படியாக்கா. சரி, நேர்லயே வாரேன். பக்கத்துலதான் நிக்கிறேன்."

காதுகுத்து பிளக்ஸ் ஒன்று மை காய்வதற்காக மேலே கட்டித் தொங்கவிடப்பட்டிருந்தது. பாண்டீஸ்வரி அவளைக் கையைப் பிடித்துத் தூக்கி அதற்குப் பின்னால் தள்ளினாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்க நேரமும் இல்லை. ஐந்து நிமிஷத்தில் அவன் படியேறினான்.

பிளக்ஸின் அடியில் ஒரு சாண் இடைவெளி. அதில் அவன் செருப்பு தெரிந்தது. பளிச்சென்று துடைத்த செருப்பு. மை வாடையில் அவளுக்கு இருமல் வந்தது. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். அவன் விலை கேட்டான், சைஸ் கேட்டான், சிரித்துச் சிரித்துப் பேசினான். செருப்பு மெதுவாக மேஜைப் பக்கம் நகர்ந்தது.

"டிபன் டப்பா ரெண்டு இருக்கு?"

"எனக்குப் பசி ஜாஸ்தி. வைத்தியமா பார்க்கப் போறீங்க?" என்றாள் பாண்டீஸ்வரி.

செருப்பு பிளக்ஸுக்கு முன்னால் வந்து நின்றது. அவன் குரல் இப்போது தாழ்ந்திருந்தது. யாரிடம் பேசுகிறான் என்று அவன் காட்டிக்கொள்ளவில்லை. "அவளைப் பார்த்தா சொல்லுங்க. மாமனார் மூஞ்சியக் கடைசியாப் பார்க்க விடாம ஏமாத்திட்டா. எனக்கு வருத்தம்தான். முப்பதாம் நாளு காரியத்துக்கு வந்துதானே ஆகணும்." விரலால் பிளக்ஸை ஒரு சுண்டு சுண்டினான். அது அலைந்து அவள் மூக்கில் வந்து பட்டது.

வெளியே லோடு ஆட்டோ ஒன்று வந்து நின்றது. கட்சி பிளக்ஸ் எடுக்க ஆறேழு பேர் குதித்து இறங்கி, என்னக்கா இன்னும் மடிக்கலையா என்று சத்தம் போட்டுக்கொண்டே உள்ளே வந்தார்கள். செருப்பு இரண்டும் திரும்பின. பைக் கிளம்பிப் போகும் சத்தம் கேட்டும் அவள் வெளியே வரவில்லை.

கூட்டம் போனதும் பாண்டீஸ்வரி ஷட்டரை இறக்கினாள். எல்லாவற்றையும் கேட்டாள். கேட்டு முடித்ததும் அவளுக்குக் கோபம்தான் வந்தது.

"மூணு வருசமா எங்கூட ஒரே குழம்பைச் சாப்பிட்டிருக்க. என்கிட்டச் சொல்றதுக்கு என்னடி? நான் என்ன உன்னைப் படம் பிடிச்சா போட்டுருவேன்?" பிறகு கல்லாவுக்கு மேல் கையைக் காட்டினாள். "கண்ணு கூசுதுன்னியே, அந்தக் கேமராவுல அவன் மூஞ்சியும் இருக்கு, பேசுன பேச்சும் இருக்கு. ஸ்டேஷனுக்கு நானும் வாரேன். விலாசம் கேட்டா என் வீட்டு விலாசத்தை எழுது."

எழுதினார்கள். பென்டிரைவில் அவன் முகத்தைக் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்ட போலீஸ்காரர் இந்தத் தடவை யாரையும் கூப்பிட்டு உட்கார வைக்கவில்லை. கூப்பிட்டு விசாரிக்கிறோம் என்றார். அந்த வார்த்தையில் சாய்ந்துகொள்ள முத்துமீனாவுக்குத் தெம்பு இல்லை. அடுத்த நாள் விடிந்ததும் பாண்டீஸ்வரியின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள். ஒரு பை, சுருட்டிய போஸ்டர் ஒன்று. போஸ்டரின் அடியிலிருந்து ஒரு விரல் அகலத்தைக் கத்தரித்திருந்தாள். முப்பதாம் நாள் காரியத்துக்குப் போக முடியாது என்று அண்ணனிடம் சொல்லிவிட்டாள். வீரணன் மாமாவிடம் மட்டும் உண்மையைச் சொல்லச் சொன்னாள். ஏறிய பஸ் எந்த ஊருக்கு என்பது இங்கே வேண்டாம்.

ஜன்னலோரம் உட்கார்ந்து போனின் பின்பக்கத்தைத் திறந்தாள். கடைப் போன் வரை வந்தவனுக்கு இந்த நம்பர் எத்தனை நாள் தூரம்? மாற்றித்தான் ஆக வேண்டும். புது நம்பர் பத்து எண்ணும் அண்ணனிடம் இருக்கும், பாண்டீஸ்வரியிடம் இருக்கும். மத்தியானத்தில் யாரும் ஒப்பிக்க மாட்டார்கள்.

சிம்மை நகத்தால் நெம்புவதற்கு முன் பழைய நம்பரை ஒருமுறை வாய்க்குள் சொன்னாள். ஆறு எண் ஒரே மூச்சில் வந்தது. கடைசி நாலுக்கு முன்னால், அப்பா நிற்கும் இடத்தில் நின்று, கொஞ்ச நேரம் காத்திருந்தாள்.